தம்பியின் வலது காது

அறிக்கை எழுதும் அந்தப் போலீஸ் தங்கச்சியையே கேள்விகளைப் படிக்கச் சொல்லுங்கள், ஐயா. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் குரல் கனத்த குரல். என் காதுக்கு அது யாரோ பானைக்குள் முனகுவது போலத்தான் வருகிறது. பெண்பிள்ளைகள் பேசுவது, தேநீர்க் கோப்பையில் கரண்டி இடிப்பது, கோழிக்குஞ்சு கத்துவது எல்லாம் எனக்குச் சுமாராகக் கேட்கும். ஆண்கள் பேச்சும் மோட்டார் சத்தமும்தான் பாதி வழியிலேயே நின்றுவிடும். தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

எனக்கு ஏழு வயதில் காது திறந்தது. கரைக்காரர்கள் 'காது கிழிந்தது' என்பார்கள். கடல்மேல் வீடு கட்டி வாழும் எங்கள் சாமா ஆட்கள் 'திறந்தது' என்றுதான் சொல்வோம். அப்பா என்னை ஆறு பாகம், அதாவது ஆறு ஆள் ஆழத்துக்கு அழைத்துப் போனார். வலித்தால் மூக்கைப் பிடிக்காதே, எச்சில் விழுங்காதே, பொறுத்துக்கொள் என்று முன்பே சொல்லியிருந்தார். இரண்டு காதிலும் ஒரே சமயத்தில் டப்பென்று ஒரு சத்தம், பிறகு சூடாக ஏதோ வழிந்தது. ஒரு வாரம் மல்லாந்து கிடந்தேன். தலையைத் திருப்பினால் வீடே சுற்றியது. எழுந்த பிறகு எந்த ஆழத்திலும் வலி இல்லை. இருபது பாகம்கூட இறங்கியிருக்கிறேன். அதற்குக் கொடுத்த விலை, கரையில் கடைக்காரன் சொல்வதை மூன்று முறை கேட்க வேண்டும், அவன் நான்காவது முறை 'செவிட்டுத் தண்ணிக்காரா' என்று கத்துவான். அந்தக் கத்தல் மட்டும் நன்றாகக் கேட்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு காதும் சேர்ந்து திறக்க வேண்டும். ஒன்று திறந்து ஒன்று மூடியிருந்தால், குளிர்ந்த நீர் ஒரு பக்கம் மட்டும் உள்ளே போய்த் தலையைச் சுழற்றிவிடும். மேல் எது, கீழ் எது என்று தெரியாது. எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பி அரிஸ்மான் எனக்கு இருபது வயது இளையவன். அவனுக்கு நாலு வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே மழைக்காலத்தில் போனார்கள். நானும் என் மனைவி மார்லியாவும்தான் வளர்த்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஏழு வயதானபோது அவன் காதை நான் திறக்கவில்லை. பாசம் என்று ஊர் சொன்னது, மறுக்கவில்லை. உண்மை என்னவென்றால் அந்தக் காதுகள் எனக்குத் தேவைப்பட்டன.

நாங்கள் எட்டுக்கால் பேய்க்கணவாய் பிடிப்பது சதுப்புக்காட்டு முனைக்குப் பக்கத்துப் பாறையில். வாய்க்கால் வழியாக நாள் முழுவதும் மோட்டார் படகுகள் ஓடும். முனையைத் திரும்பிய பிறகுதான் கண்ணில் படும், அப்போது தலைக்கு மேலேயே வந்திருக்கும். நீருக்கு அடியில் மோட்டார் சத்தம் யாருக்கும் கேட்கும், காதே வேண்டாம், மண்டை எலும்பு போதும். ஆனால் அது எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று எவனாலும் சொல்ல முடியாது. அதனால் மேலே தோணியில் நல்ல காதுக்காரன் ஒருவன் வேண்டும். அரிஸ்மான் உட்கார்ந்திருப்பான். படகு வருகிறது என்றால் துடுப்பால் தோணியின் அடியில் இரண்டு தட்டு: கீழேயே இரு. ஒரு தட்டு: ஆபத்தில்லை, மேலே வா. ஏழு வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை அவன் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

மாலுமிப் பள்ளி என்ற பேச்சை யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவன் எழுத்துத் தேர்வு எழுதி, தேறி, கடிதமும் வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். மார்லியா முன்பே புதுச் சட்டைக்குத் துணி வாங்கியிருந்தாள். "நம்ம வீட்டுலயும் ஒரு ஆளு வெள்ளச் சட்ட போடப்போறான்ல" என்று பக்கத்து வீடுவரை கேட்கும்படி சொன்னாள். அவள் குரல் மெல்லிய குரல், எனக்கு ஒரு சொல்லும் தவறவில்லை.

"மூணே வருசம்ண்ணே. அப்புறம் கப்பல்தான்" என்றான் அரிஸ்மான்.

"கப்பல்ல என்ன வேல?"

"எஞ்சின் ரூம்ல."

"எஞ்சின் சத்தம் கேக்குற வேலதான? அதத்தான் இங்கயே பாக்குறியே."

அவன் சிரித்தான். "இங்க சத்தம் கேட்டா பதுங்குறோம்ண்ணே. அங்க நாமதான் ஓட்டுவோம்."

பதில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பதினைந்து வருஷம் மரவள்ளிக்கிழங்கும் மீனும் போட்டது யார் என்று அவன் அந்த நேரம் நினைத்துப் பார்த்திருக்கலாம். நினைக்கவில்லை. கிளம்பும் ஆளுக்கு முன்னால் இருப்பதுதான் தெரியும், முதுகுப் பக்கம் இருப்பது தெரியாது.

பாக்கி இருந்தது உடற்சோதனை மட்டும். கெண்டாரி நகரத்தில் ஒரு டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பாராம். சாமா ஆட்கள் எல்லாரும் அங்கேதான் தோற்றுத் திரும்புவார்கள் என்று பள்ளிக்கூடத்து ஆசிரியை சொல்லியிருக்கிறாள். அரிஸ்மானுக்கு மட்டும் கவலை இல்லை. ஊரிலேயே முழுக்காது அவனுக்குத்தான், அதுவும் என் தயவில்.

போவதற்கு முந்தைய நாள் மதியம் எண்ணெய்க் கிண்ணத்தோடு என்னிடம் வந்தான்.

"அண்ணே, காதக் கொஞ்சம் சுத்தம் பண்ணிவிடேன். டாக்டர் உள்ள பாத்துட்டு, என்னடா இது, நண்டு குடியிருக்கான்னு கேட்டுறப் போறாரு."

என் மடியில் தலையை வைத்துப் படுத்தான். சின்ன வயதில் இருந்து அப்படித்தான். பலகைத் தரைக்கு அடியில் கடல் ஏற்றம் ஏறிக்கொண்டிருந்தது, மார்லியா வெளியே மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இடது காதை முதலில் பார்த்தேன். தென்னை ஈர்க்கின் நுனியில் பஞ்சு சுற்றி, எண்ணெய் தொட்டு, பொறுமையாகச் சுத்தம் செய்தேன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு அவன் திரும்பிப் படுத்தான், வலது காது மேலே வந்தது. கோழிகளுக்கு இனி யார் தீனி போடுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் பஞ்சை எடுத்துவிட்டேன். ஈர்க்கின் நுனி மழுங்கியிருந்தது, கத்தியால் இரண்டு தடவை சீவினேன். எவ்வளவு ஆழத்தில் அந்தத் தோல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். இருபது வருஷமாக எத்தனையோ பிள்ளைகளின் காதில் சீழ் துடைத்திருக்கிறேன்.

ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவுதான். பழுத்த மிளகாயைக் குத்துவதற்குக்கூட அதைவிடப் பலம் வேண்டும்.

அவன் கத்தியதில் மார்லியா ஈரக் கையோடு ஓடி வந்தாள். "கை நடுங்குற மனுசன் எதுக்குங்க இந்த வேலையெல்லாம் பாக்குறீங்க? நான் செஞ்சிருக்க மாட்டேனா?" என்று அழுதாள். கை நடுங்குகிறது என்றே ஊரெல்லாம் பேச்சு. நான் நீருக்கு அடியில், நீரோட்டத்தில் நின்று, பேய்க்கணவாயின் இரு கண்ணுக்கும் நடுவில் ஈட்டி இறக்குகிறவன். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். தம்பிக்காக நான் எவ்வளவு பொறுத்தேன் என்று கணக்கெடுப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை அவன் மூக்கைச் சிந்தினான். காதிலிருந்து விசில் போலக் காற்று வந்தது. "அண்ணே, இந்தப் பக்கம் காத்தடிக்குது" என்று சிரிக்கப் பார்த்தான். என்மேல் கோபமே காட்டவில்லை. அது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

இருந்தும் கெண்டாரிக்குப் போனான். அந்த டாக்டர் நல்லவர் போலிருக்கிறது. அதிரும் இரும்புக் கவை ஒன்றைக் காதுக்கு முன்னால் பிடித்தாராம், வலது பக்கம் மங்கலாகக் கேட்டதாம். அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தாராம், கணீரென்று கேட்டதாம். சிகரெட் சுற்றும் தாள் மாதிரி ஒரு துண்டை நனைத்து ஓட்டையின்மேல் ஒட்டினாராம். உடனே அவர் குரல் முழுசாக வந்துவிட்டதாம். "உள்ள நரம்பு நல்லா இருக்கு. ஓட்டை சின்னது. ரெண்டு மாசம் தண்ணி படாம வச்சுக்க, தானா மூடிக்கும். அடுத்த சோதனைக்கு வா" என்று அனுப்பிவிட்டார்.

காது தானாக மூடிக்கொள்ளும் என்பது எனக்குப் புதுச் செய்தி. எங்கள் காதுகள் எதுவும் மூடியதில்லை. எங்களில் யாரும் இரண்டு மாதம் தண்ணீருக்கு வெளியே இருந்ததில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. அன்று இரவு அந்த இரண்டு மாதத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

அவன் எண்ணெய்ப் பஞ்சை அடைத்துக்கொண்டு தோணியில் உட்கார ஆரம்பித்தான். குளிக்கும்போது தலையில் தண்ணீர் விடமாட்டான். மழை வந்தால் உள்ளே ஓடுவான். சாமா பிள்ளை ஒருவன் மழைக்கு ஓடுவதைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். இருபத்திரண்டாம் நாளோ என்னவோ, நான் பாறைக்கு இறங்கினேன். ஒரு தட்டு தட்டினான், நான் மேலே வரவில்லை. மறுபடி தட்டினான். பவளக்கல் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, என்னால் முடிந்த மட்டும் அடியிலேயே இருந்தேன். கையைக் காலை அசைக்கவில்லை. அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தவன் பஞ்சைக்கூட யோசிக்காமல் குதித்துவிட்டான்.

பாதி ஆழத்தில் நீர் அவன் வலது காதுக்குள் போயிற்று. அவன் சுழன்றதை நான் கீழிருந்து பார்த்தேன். மேலே போவதாக நினைத்துக்கொண்டு கீழே நீந்தினான், பாறையில் முட்டினான், மறுபடி கீழேயே உதைத்தான். முடியைப் பிடித்து நான்தான் மேலே இழுத்து வந்தேன். அவன் உயிரைக் காப்பாற்றியவன் நான் என்பதை ஊரே சாட்சி சொல்லும்.

நாலாம் நாள் காதில் சீழ் வந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் பார்த்துவிட்டு, இனி இது லேசில் மூடாது என்றாள். சோதனைத் தேதியும் போயிற்று. அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து நியாயத்தைச் சொன்னேன். ஒற்றைக் காதோடு கப்பலுக்கும் போக முடியாது, கடலுக்கும் இறங்க முடியாது. மற்றதையும் திறந்துவிட்டால் நம் அப்பாவைப் போல, என்னைப் போல ஒரு முழு மனிதனாக இருக்கலாம். மூன்று நாள் பேசினேன். நாலாம் நாள் அவனே என்னோடு தோணியில் வந்து, மூக்கைப் பிடிக்காமல் நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கி, இடது காதையும் திறந்துகொண்டு வந்தான். அதில் நான் கை வைக்கவில்லை. அதை அவனே செய்தான் என்று தனியாக எழுதுங்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்கு நல்ல வருஷம். இருவரும் மாறி மாறி இறங்கினோம். அவனுக்கு மூச்சு என்னைவிட அதிகம். பேச்சுதான் குறைந்துவிட்டது. எங்களுக்குச் சொந்தக் குரல் மண்டைக்குள் பெரிதாகக் கேட்கும், அதனால் சத்தமாகப் பேச வராது. அவனும் முணுமுணுப்பவன் ஆனான். ஆண்கள் கூடிப் பேசும் இடத்தில் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பான். கொஞ்ச நாளில் அங்கே போவதை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகளோடு பலகைப் பாலத்தில் உட்கார்ந்திருப்பான். அவர்கள் குரல் அவனுக்கு எட்டியது. மார்லியா அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வீட்டில்தானே இருக்கிறான் என்று இருந்தது.

நான் உட்கார்ந்து கேட்கும் முறையும் ஊருக்குத் தெரியும். அவன் கீழே இருக்கும்போது கன்னத்து எலும்பைத் தோணி மரத்தில் அழுத்தி வைத்துக்கொள்வேன். காற்றில் வரும் மோட்டார் சத்தம்தான் எனக்குக் கேட்காது; தண்ணீரில் வந்து மரத்தில் ஏறி எலும்புக்குள் நுழையும் சத்தம் நன்றாகக் கேட்கும். எந்தப் படகு முனையை நோக்கித் திரும்புகிறது, எது விலகிப் போகிறது என்றுகூட ஒரு வருஷத்தில் பழகிவிட்டேன். உங்கள் ஆட்கள் என்னை 'செவிடன், பாவம், அவனுக்கு என்ன தெரியும்' என்று பேசிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவனுக்குக் கீச்சுக் குரல், எல்லாம் கேட்டது.

போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தோணியை நிறுத்தியதும் அரிஸ்மான் மரச்சட்டம் போட்ட முக்குளிக்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். நகரத்துக்குக் காது டாக்டர்கள் கூட்டமாக வந்திருக்கிறார்களாம். தோலில் சின்னத் துண்டு எடுத்து ஓட்டையை அடைப்பார்களாம், ஒரு காது முடிந்து இன்னொரு காது. ஆசிரியை பேர் கொடுத்துவிட்டாளாம். வியாழக்கிழமைப் படகில் போகிறானாம். பள்ளிக்கு வயது வரம்பும் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதாம்.

"உன் மதினிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

மறுபடியும் கடைசியில்தான் எனக்கு. அவன் தோணியின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டான். எனக்குக் கேட்க வேண்டும் என்று வாயை என் காதருகே கொண்டுவந்து பேசினான்.

"அண்ணே, அன்னிக்கு நீ ஈர்க்கச் சீவுன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவ. அப்பதான் எனக்கு நல்லாக் கேக்குமே."

"கேட்டுச்சுன்னா எந்திரிச்சிருக்க வேண்டியதுதான?"

"நீ அண்ணன்ல்ல. நல்லாச் சுத்தம் பண்ணத்தான் சீவுறன்னு படுத்திருந்தேன்." காலால் தண்ணீரை அளைந்தான். "ரொம்ப நாள் கோவமா இருந்துச்சு. இப்ப இல்ல. யாருகிட்டயும் சொல்லல, மதினிகிட்டகூட. ஆனா இந்தத் தடவ போனா திரும்பி வரமாட்டேண்ணே. இன்னிக்கும் நாளைக்கும் உனக்கு வேல செஞ்சு குடுத்துட்டுப் போறேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஈட்டியை எடுத்து, இறங்கிவிட்டான்.

நான் கன்னத்தை மரத்தில் வைத்தேன். பனிக்கட்டி ஏற்றிவரும் சைபுலின் படகு வந்துகொண்டிருந்தது. அதன் எஞ்சின் ஒரு பக்கம் இருமும், எனக்கு அடையாளம் தெரியும். முனைக்கு அந்தப் பக்கம் இருந்தது. சைபுல் எங்கள் தோணியைக் கண்டால் பக்கத்தில் உரசுவது போல ஓட்டி, கை தூக்கிக் கத்திவிட்டுப் போவான். எத்தனை தடவை திட்டினாலும் கேட்கமாட்டான். அரிஸ்மான் ஏழு பாகம் கீழே இருந்தான். மேலே வர அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏறி வருகிறவன் தோணியின் எந்தப் பக்கம் தலை தூக்குவான் என்பதும் தெரியும்.

இப்போது அந்தத் தங்கச்சி உங்கள் அறிக்கையைப் படித்துக் காட்டினாள், நான் கட்டைவிரல் வைக்க வேண்டுமாம். அதில் ஒரு வரி: 'இறந்தவர் காது கேளாமையாலும் கவனக்குறைவாலும், மேலிருந்து வரும் சமிக்ஞைக்குக் காத்திராமல் திடீரென மேலெழும்பியதால் படகின் விசிறி தலையில் பட்டது.' இந்த வரிக்கு நான் விரல் வைக்க மாட்டேன். என் தம்பியைப் பற்றி அப்படி எழுத உங்களுக்கு உரிமை கிடையாது. அவன் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கவனக்குறைவாக இருந்தவன் இல்லை. சைபுலை வீட்டுக்கு அனுப்புவதோ வைத்திருப்பதோ உங்கள் பாடு. அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு நான் சொல்வதை எழுதுங்கள்.

எஞ்சின் முனையைத் திரும்பும்வரை காத்திருந்தேன். துடுப்பை எடுத்தேன். ஒரு தட்டு தட்டினேன். இரண்டு இல்லை, ஒன்று. அவனுக்கு அது தெளிவாகக் கேட்டது, தவறாகக் கேட்க வழியே இல்லை. கேட்டதும் வந்தான். அண்ணன் கூப்பிட்டால் ஏன் என்று கேட்காமல் வருகிற பிள்ளை, ஐயா. அவனை நான் அந்த அளவுக்கு நன்றாக வளர்த்திருந்தேன்.